எலி அல்வாக் கடைக்குப் போகாது

வாரும் வே மருமவனே, திண்ணையில உக்காரும். சர்க்கரை வியாதிக்குன்னு காலைல வெறும் வயித்துல ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடிக்கீராமே? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அப்புறம் ஏழு இட்லி. சாயங்காலம் கால் கிலோ அல்வா. கேட்டா, "அதான் பாகற்காய் குடிச்சிட்டேனே மாமா"ங்கீரு. உண்டியல்ல பத்து ரூவா போட்டுட்டு மடப்பள்ளியில சருவத்தைத் தூக்குனவன் கதையால்ல இருக்கு!

பாகற்காயில சரக்கு இல்லன்னு சொல்ல மாட்டேன். சாரன்டின்னு ஒண்ணு இருக்கு, இன்சுலின் மாதிரி வேலை செய்யுத புரதம் ஒண்ணும் இருக்குங்காங்க. எலிக்குக் குடுத்தா சர்க்கரை இறங்கியிருக்கு. மனுசனுக்குக் குடுத்துப் பாத்ததுல ஒரு சோதனை சொன்னதை அடுத்தது சொல்லல. ஏன்னு நான் சொல்லட்டுமா? எலி பாகற்காய் தின்னுட்டு அல்வாக் கடைக்குப் போகாது வே.

வெந்தயத்துக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்குவேன். ராத்திரி ஊறப்போட்டா விடியும்போது வழவழன்னு ஆகுதுல்லா, அந்த வழவழப்புதான் விசயம். காலாக்டோமன்னன்னு பேரு. வாயில நுழையாது, வயித்துல நுழைஞ்சாப் போதும். குடல்ல கூழா நின்னு, சோத்துல இருந்து பிரியுத சர்க்கரையை மெதுவா உள்ள விடும். மடைப் பலகையை ஒரு சாண் இறக்குனா தண்ணி பாயாம கசிஞ்சு போகுமே, அப்பிடி. ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரங்க சர்க்கரைக்காரங்களுக்கு வெந்தயத்தைக் குடுத்தே பாத்திருக்காங்க. சிலருக்கு 25 கிராம், சிலருக்கு 100 கிராம். சர்க்கரை குறைஞ்சுது. நீரு மோர்ல தூவிக்கிடுத நாலு மணி எந்தக் கணக்குல சேரும்? பலகையை இறக்கிவச்சிட்டு மேல குளத்தையே உடைச்சு விட்டா மடை என்ன செய்யும், பாவம்? ஏழு இட்லின்னா குளம்தான்.

சிறுகுறிஞ்சான் கொடி தெரியுமா? நம்ம வேலியில கிடக்கு, ஆடு கூட ஏறிட்டுப் பாக்காது. 1887-ல ஊட்டியில இருந்த டேவிட் ஹூப்பர்ங்குத வெள்ளைக்காரர் அந்த இலையில இருந்து ஜிம்னமிக் அமிலம்னு ஒண்ணைப் பிரிச்சுச் சொன்னாரு. இலையை மென்னா, நாக்குல இனிப்பு தெரியுத இடத்தை அது போயி அடைச்சுக்கிடும். அரை மணி நேரத்துக்குச் சீனி வெறும் ஆத்து மணல். போன தீவாளிக்கு நம்ம பெரியவன் மென்னுட்டு அல்வாவை வாயில போட்டான். "நெய்யில முக்குன ரப்பர்"னு துப்பிட்டான். சர்க்கரை இறங்குச்சோ என்னமோ, அல்வா மிச்சம்.

அதெல்லாம் போகட்டும். மாத்திரையை நிறுத்திட்டீராமே, கெமிக்கல்னு? உம்ம மெட்பார்மினுக்குப் பூர்வீகம் எது தெரியுமா? ஐரோப்பாவுல ஆடு மேஞ்சா செத்துப்போகுத ஒரு செடி. அதுல இருந்த சரக்கை ஒட்டித்தான் அந்த மருந்து வந்துது. 1957-ல பாரிசுல ழான் ஸ்டெர்ன்னு ஒரு டாக்டர் நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்து எழுதுனாரு. வேலியில இருந்தா மூலிகை, டப்பாவுல இருந்தா விசமா? நாளைக்கே மறுபடி தொடங்கும். சாறு குடிக்கதையும் டாக்டர்ட்ட சொல்லிடும். சில மாத்திரையோட இதுவும் சேந்தா சர்க்கரை பாதாளத்துக்குப் போயி, பஸ் ஸ்டாண்டுல மயங்கிக் கிடப்பீரு.

சரி, எந்திரும். உம்ம அத்தை உள்ள அல்வா கிண்டிக்கிட்டு இருக்கா. வேலிப் பக்கம் போயி நாலு இலை மென்னுட்டு, அப்புறமா உள்ள வாரும்.