பணிக்கரைப் பார்த்து எழுதுதல்: காந்திகிராம வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

அரூப ஓவியத்தை அரூப ஓவியரைப் பார்த்தே கற்க வேண்டும் என்பது ஒருதலை. மலையைப் பார்த்து வரைபவனுக்குச் சிறுமலை உண்டு. ஒன்றையும் பாராமல் வரைய விரும்புபவன் யாரைப் பார்ப்பான்? இவ்வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுகாறும் எழுப்பாதது வியப்பே. எழுப்பியிருந்தால் இந்நேரம் ஒரு கருத்தரங்கும் அதற்கொரு தொகுப்பு நூலும் வந்திருக்கும். தொகுப்பில் பாதி, பதிப்பாசிரியரின் முன்னுரையாக இருந்திருக்கும்.

ஆய்வு எல்லை: அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் சின்னாளபட்டிச் சாயப்பட்டறைகளுக்கும் இடைப்பட்ட நிலம்.

ஆய்வுப் பொருள்: என் தங்கை மகன்.

முன்னோடி ஆய்வுகள்: இல்லை.

பார்க்கப்பட்டவர்: கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). கோயம்புத்தூரில் பிறந்து, இளமையில் தந்தித் துறையில் வேலை பார்த்து, பின்னர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானவர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியவர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையே இவ்வாய்வுக்கு மூலம். முதலில் கணக்குக் குறிகள், எண்கள், ரோமன் எழுத்துகள். பிறகு மலையாளம் போலவே தோன்றி எந்த மலையாளியாலும் படிக்க முடியாத வரிகள். ஊடே ஜாதகக் கட்டம். தந்தி அலுவலகத்தின் புள்ளியும் கோடுமே பிற்காலத்தில் இவ்வரிகளாக முளைத்தன என்று யாராவது சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். ஆதாரம் பிறகு தேடப்படும். துறையின் வழக்கம் அதுவே.

இங்கே ஒரு தடை. பாரிஸைப் பார்த்து எழுதாமல் நம் மண்ணிலிருந்து ஒரு நவீன ஓவியம் வர வேண்டும் என்பதே பணிக்கரின் கவலை. அப்படியிருக்க அவரையே பார்த்து எழுதலாமோ எனின், எழுதலாம். பாரிஸ் என்றதில் சென்னை அடங்காது என்க. சோழமண்டலத்து ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் படம் வரைந்தார்கள் என்பதும் இங்கே கருதத்தக்கது. இப்பகுதியை மட்டும் என் தங்கை தன் மகனிடம் அழுத்தி வாசித்துக் காட்டினாள்.

செய்முறை: கான்வாஸ் விலை கருதிக் கதர்த்துணி, அதன்மேல் பெவிகாலில் சாக்பீஸ் பொடி குழைத்த பூச்சு (காண்க: பெயின்ட் கடை ரசீது, பின்பக்கம், பென்சில் குறிப்பு).

இனி ஆய்வின் உயிர்நிலை. பணிக்கரின் கட்டங்களைப் பார்த்து எழுதுவது எளிது. படிக்க முடியாத வரியை எழுதுவதுதான் கடினம். கை படிப்பறிவை மறப்பதில்லை. பையன் பொருளற்ற சுழிகளாகத்தான் தொடங்குவான். இரண்டாம் வரியில் ஒரு 'ழ' எட்டிப்பார்க்கும். நான்காம் வரியில் 'பால் கணக்கு' என்று தெளிவாக விழுந்திருக்கும். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்குப் புரியாமல் எழுதுவது இயல்பாக வரும். இவன் ஐ.டி.ஐ. முடித்தவன், பாவம், வியர்த்து விறுவிறுத்துக் கற்க வேண்டியிருந்தது.

ஒருவழியாகப் படம் முடிந்து, காய்வதற்காக முன்னறையில் மாட்டப்பட்டது. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்த ஜோசியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன் நின்றார்.

"தம்பிக்கு ஏழுல செவ்வா உக்காந்திருக்கான். அதான் எல்லாம் தள்ளிப்போகுது."

"அது பெயின்ட் சொட்டுங்க" என்றான் பையன்.

"விதி சொட்டாத்தான் விழும், தம்பி."

கட்டங்களை எண்ணினோம். ராசி பன்னிரண்டு, படத்தில் கட்டம் பதின்மூன்று. மிகுந்து நிற்கும் ஒன்று இடைச்செருகல் என்பது என் கருத்து. அது பூர்வ ஜென்மப் பாக்கி என்றார் ஜோசியர் (வாய்மொழித் தரவு, சான்றுரைத்தவள் என் தங்கை, அடுப்படியிலிருந்து, குக்கர் சத்தத்துக்கு முன்). கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா இரண்டையும் மறுத்தார். "ஏப்பா, இது புலப்படம். வடக்கு எங்கிட்டுன்னு போடாம விட்டுட்டான். சர்வே நம்பர் பாதியில நிக்குது" என்பது அவர் துணிபு (அன்னாரின் பழைய டைரி, கரையான் அரித்த பக்கம், அரிபடாத மூலை, ஒப்புநோக்குக: அதே டைரி, அடுத்த பக்கம், கரையானே). 'பால் கணக்கு' என்ற வரியைக் கொண்டு நிலத்தில் மாட்டுக்கொட்டகை இருந்திருக்க வேண்டும் என்றும் நிறுவினார். ஜோசியரோ அதே வரியில் தோஷத்துக்கு நாகர் சிலைக்குப் பாலூற்றும் பரிகாரத்தைக் கண்டார். இரு தரப்பும் அன்று மாலைவரை உடன்படவில்லை. காப்பி இருமுறை வழங்கப்பட்டது.

படத்தில் பொருள் ஏதும் இல்லை என்றான் வரைந்தவன். அவன் கூற்று, ஆய்வு நெறிப்படி, தள்ளப்பட்டது.

இதற்குள் பையன் வேறொன்றைக் கண்டுகொண்டான். ஆய்வாளர் எவரும் கவனிக்காததால் இதை ஒரு வரியில் முடிக்கலாம். பணிக்கரிடம் கற்க வேண்டியது கிறுக்கல் அன்று, கிறுக்காமல் விட்ட இடம். அடுத்த படத்தில் அவன் கட்டங்களை அழித்தான், வரிகளைக் குறைத்தான், வெளிறிய மஞ்சளை அகலமாகப் பரவவிட்டான். அதில் பணிக்கர் குறைவு. படம் முன்னதைவிட நன்றாக இருக்கிறது. ஜோசியர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சித்தப்பா தரிசு என்றார்.

அசலைக் காண விரும்புவோர் ஈஞ்சம்பாக்கத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ செல்லலாம். இரண்டு ஊர்களிலும் பணிக்கரின் படங்கள் காட்சிக்கு உள்ளன. பெண் வீட்டாருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: முன்னறையில் தொங்குவது ஜாதகம் இல்லை. ஜாதகம் பீரோவில் இருக்கிறது. அதில் ஏழில் செவ்வாய் கிடையாது.