பொறுக்கியெடுத்த சிலிக்கான்

போடியில் ஏலக்காய் வாங்குகிறவர் மூட்டையின் எடையை மட்டும் நம்பமாட்டார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டி, "எட்டு எம்எம் எவ்வளவு, லிட்டர் வெயிட் எவ்வளவு?" என்பார். பெருங்காயும் பொடிக்காயும் என்ன கணக்கில் கலந்திருக்கின்றன என்று தெரியாமல் விலை பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது. இந்த ஞானம் பாரிஸ் பெரிய மனிதர்களுக்கு எட்ட நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1889-இல் பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றுக்கு "இதுதான் கிலோ" என்று பட்டம் கட்டி, பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் நிலவறையில் வைத்தார்கள். திறக்க மூன்று சாவி, மூன்று ஆள். மூலவர் அங்கே, உற்சவர்கள் நாட்டுக்கு ஒன்று. டெல்லிக்கு வந்தவர் 57-ஆம் எண். நூறு வருஷம் கழித்து மூலவரையும் உற்சவர்களையும் ஒப்பிட்டால் 50 மைக்ரோகிராம் அளவுக்குப் பேதம். உற்சவர்கள் சதை போட்டார்களா, மூலவர் இளைத்தாரா? கேட்கவே முடியாது. மூலவர்தானே கிலோ, அவர் இளைத்தால் உலகம் பருத்ததாகத்தான் அர்த்தம்.

சரி, அணுவையே எண்ணிவிடலாம் என்றார்கள். சிலிக்கான் படிகம் ஒழுங்கான பிள்ளை, ஒரு கட்டத்துக்கு 8 அணு. அதை உருண்டையாக்கி, உருண்டையின் கன அளவைக் கட்டத்தின் கன அளவால் வகுத்தால் எத்தனை கட்டம் என்று தெரிந்துவிடும். ஆனால் சராசரி அணு எடை வேண்டுமே! மண்ணில் கிடைப்பது கலப்புச் சரக்கு: சிலிக்கான்-28 சுமார் 92 சதவீதம், 29 ஏறக்குறைய 5, 30 மூன்று. அந்தக் கலவையை அளந்து போட்ட கணக்கு, மின்விசையை வைத்து நிறுக்கும் வாட் தராசின் கணக்கோடு 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இடித்தது. பத்து டன் ஏலக்காயில் பத்து கிராம். நம் வியாபாரி ருசி பார்க்கிறேன் என்று வாயில் போட்டே அதைத் தீர்த்துவிடுவார்.

அப்புறம்தான் பொறுக்கல் ஆரம்பமானது. யுரேனியம் செறிவூட்டப் பழகிய ரஷ்ய மையவிலக்குகளில் சுற்றி, 99.99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான சிலிக்கான்-28 எடுத்தார்கள். 2007-இல் பெர்லினில் 5 கிலோ படிகம். ஆஸ்திரேலியாவில் அக்கிம் லைஸ்ட்னர் அதை இழைத்து இழைத்து உருண்டையாக்கினார். பூமியை அந்த அளவு இழைத்திருந்தால் மேடு பள்ளமே சில மீட்டர்தான். கொழுக்குமலை ஜீப்காரர்கள் பட்டினி.

மிச்சமிருந்த கலப்பை அளக்க ஜெர்மனியின் பிடிபி அளவியல் நிலையத்தார் ஒரு தந்திரம் செய்தார்கள். 28-ஐத் தொடவில்லை, 29-ஐயும் 30-ஐயும் மட்டும் அளந்தார்கள். போடியில் காய் பொறுக்கும் பெண்கள் செய்வதும் இதேதான்: நல்ல காய் கிடக்கட்டும், வெடித்ததையும் கறுத்ததையும் எடு. அதிலும் ஒரு சங்கடம். கரைக்க ஊற்றிய காரத்திலேயே சாதா சிலிக்கான். கண்ணாடிக் குடுவையிலும் அதுதான், தூசியிலும் அதுதான். ஆடிக் காற்றில் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சோதனையை வைத்திருந்தால் வருஷநாட்டு மலையே உள்ளே விழுந்திருக்கும்.

ஒருவழியாக, இந்த எண்ணிக்கையின் துணையோடு, 2019 மே 20-இல் மூலவருக்கு ஓய்வு. கிலோவைப் பிளாங்க் மாறிலி ஏற்றுக்கொண்டது, மோலுக்கு 6.02214076×10²³ துகள் என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். அதுவரை அச்சுப்பிசகாமல் மோலுக்கு 12 கிராம் என்று நெஞ்சு நிமிர்த்தி நின்ற கார்பன்-12 இப்போது, நம் சந்தைப் பேச்சில் சொன்னால், "முன்னப்பின்ன இருக்கும்ண்ணே."