டென்ஸ் சார்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்து, கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்த நீள அறை. படியேறும் இடத்தில் தகர போர்டு: 'ஸ்போக்கன் இங்கிலீஷ் - 45 நாட்களில் சரளமாக'. தமிழ்நாட்டில் இந்த மாடி இல்லாத தாலுகா கிடையாது. மாடி இருந்தால் இந்த மனிதரும் இருப்பார். பெற்றோர் வைத்த பெயர் எதுவோ, ஊர் வைத்த பெயர் டென்ஸ் சார். சந்துமுனை டீக்கடைக்காரர் மட்டும் 'டென்ஷன் சார்' என்பார். தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தேதான் சொல்கிறாரா என்று யாரும் விசாரித்ததில்லை.

'ஸ்போக்கன்' என்ற சொல்லை நம்பிப் படியேறுகிறவர்களுக்கு முதல் பத்து நாள் வாயைத் திறக்கவே வேலை இருக்காது. கரும்பலகையில் கட்டம் போட்டிருக்கும். பிரசன்ட், பாஸ்ட், ஃப்யூச்சர் என்று மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் சிம்பிள், கன்டினியூஸ், பர்ஃபெக்ட், பர்ஃபெக்ட் கன்டினியூஸ் என்று நான்கு. ஆக மொத்தம் 12. ராசிக் கட்டமும் 12 தானே? சாரும் ஜாதகம் பார்க்கிற மாதிரிதான் வாக்கியத்தைப் பார்ப்பார்.

"ஹேட் எங்க உக்காந்திருக்கு? அப்போ அடுத்த வீட்ல யார் இருக்கணும்? வி-த்ரீ. அங்க வி-டூ வந்து உக்காந்தா தோஷம்."

'ஐ டிட் நாட் வென்ட்' என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் பரிகாரம் உண்டு. 'கோ, வென்ட், கான்' ஐம்பது தடவை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

ஆங்கில வினைச்சொல் உருவம் மாறுவது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும்தான், எதிர்காலத்துக்கென்று தனி உருவமே இல்லை, 'வில்' வெறும் துணைவினை, ஆகவே அந்த மொழிக்கு இரண்டே டென்ஸ் என்று சொல்கிற மொழியியலாளர்கள் நிறையப் பேர் உண்டு. இதை அவரிடம் நைசாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்போ மிச்சம் பத்துக் கட்டத்துக்கு நான் வாங்கின ஃபீஸை அவங்க வந்து திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார்.

சாருடைய உதாரண உலகம் துயரமானது. அங்கே டாக்டர் வருவதற்குள் பேஷன்ட் போய்ச் சேர்ந்திருப்பார். நாம் ஸ்டேஷனை அடைவதற்குள் ரயில் கிளம்பியிருக்கும். ஒரு டாக்டராவது ஒரு நாளாவது நேரத்துக்கு வந்துவிட்டால் பாஸ்ட் பர்ஃபெக்டின் கதி என்னாவது? ராமன் ராவணனைக் கொன்ற கையோடு ராவணன் ராமனால் கொல்லப்படவும் வேண்டும். ஆக்டிவில் ஒரு சாவு, பாசிவில் ஒரு சாவு. சூரியன் கிழக்கே உதிப்பது ஒன்றுதான் அங்கே நல்ல சேதி.

பன்னிரண்டாவது கட்டம் அவருடைய செல்லப்பிள்ளை. வருகிற ஜூன் வந்தால் இந்த மாடியில் இத்தனை வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பேன் என்பதை ஃப்யூச்சர் பர்ஃபெக்ட் கன்டினியூஸில் சொல்வார். லண்டனில் பிறந்து வளர்ந்தவருக்கே அது எப்போதாவதுதான் தேவைப்படும். சாருக்குத் தினமும் தேவைப்படும். 'ஐ வில் ஹேவ் பீன் டீச்சிங்' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணை மூடித் திறந்து சொல்லி முடித்ததும் ஒரு சிட்டிகை பொடி போடுவார்.

படிக்க வருகிறவர்கள் பலதரம். வெளிநாட்டு வேலைக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகும் நர்ஸ், சென்னையில் இன்டர்வியூவில் திக்கித் திரும்பிய இன்ஜினியர், பேரனோடு வீடியோ காலில் பேச ஆசைப்படும் மளிகைக்கடை முதலாளி. இவர்கள் யாராலும் சாருக்கு உபத்திரவம் இல்லை. உபத்திரவம் நியூஜெர்சி மாப்பிள்ளைக்கு நிச்சயமான ஒரு பெண்ணால் வந்தது.

மாப்பிள்ளை முதல் நாள் போனில் "வாட்ச்சா டூயிங்?" என்று கேட்டிருக்கிறார். இந்தப் பெண் கையிலிருந்த வாட்சைப் பார்த்து "எய்ட் தர்ட்டி" என்று பதில் சொல்லியிருக்கிறது. மறுநாள் பயந்துபோய் வகுப்பில் சேர்ந்துவிட்டது. சேர்ந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. ராத்திரியெல்லாம் அமெரிக்க சீரியல் பார்த்துவிட்டு வந்து, "சார், ஐ வானா ஆஸ்க் எ டவுட்" என்றது.

"என்னம்மா, என்ன வேணும்?"

"வானா சார். கானான்னுகூட இருக்கு."

"கானா, வானாவா? ஏம்மா, இது என்ன திண்ணைப் பள்ளிக்கூடமா? இல்ல, கானாங்கிறது அந்த மெட்ராஸ் பாட்டா?"

"எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க சார். கோயிங் டு-ன்னு முழுசா யாருமே சொல்றதில்ல."

"எல்லாரும் ரெட் சிக்னல்லதான் போறாங்க. நீயும் போவியா?"

அன்றிலிருந்து சாருக்குத் தூக்கம் கெட்டது. 'வானா', 'காட்டா', 'டனோ', 'லெம்மீ' எதற்கும் கட்டத்தில் இடமில்லை. 'ஹீ'ட்' என்று ஒருவன் சொன்னால் அதற்குள் ஒளிந்திருப்பது 'ஹேட்'டா 'வுட்'டா என்று அடுத்து வருவதைப் பார்த்துத்தான் தெரியும். பின்னால் 'கான்' வந்தால் ஹேட், 'கோ' வந்தால் வுட். 'ஏன்ட்' என்பது இன்னும் மோசம். 'ஆம் நாட்', 'இஸ் நாட்', 'ஆர் நாட்', 'ஹேவ் நாட்', 'ஹேஸ் நாட்' என்று ஐந்து பேர் வேலையை ஒரே ஆள் பார்க்கிறான். "லேபர் கோர்ட்டுக்குப் போக வேண்டிய கேஸ்" என்றார் சார்.

அவருக்குத் துணை இல்லாமலில்லை. கலிவர் கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-லேயே 'டேட்லர்' பத்திரிகையில் இந்த மாதிரி சொல்லை நறுக்கிப் பேசுகிறவர்களைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார். சொன்னதும் சாருக்கு அப்படி ஒரு சந்தோஷம், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஸ்விஃப்ட் கட்சி தோற்றுப்போய், 'கான்ட்'டும் 'டிடின்ட்'டும் இன்று பாடப்புத்தகத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டதை டீ குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன்.

திருப்பம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பெண் ஒரு நாள் "ஐ'ம் கானா நியூஜெர்சி இன் ஜூலை" என்று சொல்ல, மொபைலில் ஏதோ வீடியோ பார்த்துப் படித்துவந்த இன்ஜினியர் குறுக்கிட்டார். ஊர்ப்பேருக்கு முன்னால் கானா போடக்கூடாதாம், பின்னால் வினைச்சொல் வந்தால்தான் போடலாமாம். கானா ஈட் சரி, கானா ஸ்லீப் சரி, கானா நியூஜெர்சி தப்பு.

சார் நாற்காலியில் நிமிர்ந்தார். "அதுக்கு ரூல் இருக்கா?"

"இருக்கு சார்."

"வி-ஒன் தான் வரணுமா? வி-டூ வந்தா?"

"தப்பு சார்."

தப்பு உண்டு என்று தெரிந்ததும் அவருக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் 1806 வாக்கிலேயே இதே சொல்லை 'கன்னா' என்று எழுதிவிட்டார்கள் என்று நான் சேர்த்துச் சொன்னதும், "பாரும்மா, பழைய குடும்பம்" என்று அந்தப் பெண்ணிடம் திரும்பிச் சொன்னார். மறுநாள் பலகையில் கானாவுக்கு அடியில் ஐம்பது வினைச்சொல். நர்ஸுக்கு எரிச்சல். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிஷம், அதில் பேசுவதற்கு எப்போது பழகுவது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான், சார் காதில் அது இன்னும் விழவில்லை.

சமாதானம் முழுதாக வந்துவிட்டது என்று நினைத்து நான் அவசரப்பட்டு ரென்னைப் பற்றிப் பேசினேன். மேஜை மேல் பைண்டு போட்ட ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் எப்போதும் இருக்கும், சரஸ்வதி பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்த தடம் அழியாமல். அந்த பி.சி. ரென், பம்பாய் மாகாணத்துக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924-ல் எழுதியவரும் அவரேதான். பாலைவனம், பிரெஞ்சுப் பட்டாளம், காணாமல் போன நீலக்கல். அதில் ஹாங்க், பட்டி என்று இரண்டு அமெரிக்கச் சிப்பாய்கள் வருவார்கள். சார் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் கொச்சைதான் அவர்கள் பேசுவது. அத்தனையும் ரென் கைப்பட எழுதியது.

சார் புத்தகத்தை எடுத்து, அட்டையைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அது வேற ரென்."

அப்போது போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"ம்... இதோ கெளம்பிட்டேன்... கெளம்பிட்டேங்கிறேன்ல... கத்திரிக்காதானே, வாங்கிட்டு வந்துடறேன்... வழியிலதான், வந்துட்டே இருக்கேன்."

சொன்னவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை. செருப்புகூடக் காலில் இல்லை. பொடி டப்பாவைத் திறந்து நிதானமாக ஒரு சிட்டிகை எடுத்தார். நியூஜெர்சிப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்பப் பணிவாகக் கேட்டது.

"சார், கெளம்பவே இல்லை, ஆனா கெளம்பிட்டேன்னு சொன்னீங்களே. அது எந்தக் கட்டம் சார்?"

சார் தும்மி முடித்துவிட்டுச் சொன்னார்.

"பதிமூணாவது. அதுக்கு ஃபீஸ் தனி."