சகுனிக்கு ஏற்ற ஊர்

லாஸ் வேகாஸில் முதன்முதலாகக் குடியேறப் போன வெள்ளைக்காரர்கள் சூதாடிகள் அல்ல, மத போதகர்கள். காலங்காலமாக அங்கே வாழ்ந்துவந்த பையூட் பழங்குடியினரைக் கரையேற்றுவதற்காக 1855இல் மார்மன் சபையார் வந்து ஒரு மண்கோட்டை கட்டினார்கள். நெவாடா வெயில் அவர்களையே வறுத்தெடுத்தது. 1857இல் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். ஆக, அந்த மண்ணில் ஒழுக்கம் தாக்குப்பிடித்தது இரண்டே வருஷம்.

அடுத்து வந்தவர் செனட்டர் வில்லியம் கிளார்க், செம்பு வியாபாரத்தில் கொழுத்த கோடீஸ்வரர். காசு கொடுத்துப் பதவி வாங்கினார் என்று நாறிப்போய் ராஜினாமா செய்து, அசராமல் மறுபடி செனட்டுக்குப் போன மகான். அவருடைய ரயில் கம்பெனி 1905 மே மாதம் அந்தப் பொட்டல் காட்டை மனை போட்டு ஏலம் விட்டது. ஊர் பிறந்தது. பொருத்தம் பார்த்து மாவட்டத்துக்கும் கிளார்க் என்றே பெயர் வைத்தார்கள்.

1910இல் நெவாடாவுக்குத் திடீரென்று மனசாட்சி உறுத்த, சூதாட்டத்துக்குத் தடை வந்தது. ஆட்டம் நிற்கவில்லை, கதவைத்தான் சாத்திக்கொண்டார்கள். பிறகு பொருளாதார மந்தம் வந்து கஜானா காய்ந்ததும் மனசாட்சியும் காய்ந்தது. 1931 மார்ச் 19 அன்று ஆளுநர் ஃப்ரெட் பால்சர் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கினார். அதே வருஷம், ஆறு வாரம் தங்கியிருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்றும் சட்டம் வந்தது. தருமர் சூதாடித் தோற்கவும், வெறுத்துப்போன பாஞ்சாலி அவரை ரத்து செய்யவும் ஒரே ஊரில் வசதி.

அதே சமயம் பக்கத்தில் ஹூவர் அணை கட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்கள் கெட்டுப்போகக் கூடாதென்று மத்திய அரசு போல்டர் சிட்டி என்று தனி ஊரே கட்டி, மது, சூது இரண்டையும் தடை செய்தது. விளைவு? சம்பளம் வாங்கியவர்கள் நேரே வேகாஸின் ஃப்ரீமாண்ட் தெருவுக்கு வண்டி ஏறினார்கள்.

இந்த வாசனை தாதாக்களின் மூக்கை எட்டாமல் இருக்குமா? பக்ஸி சீகல் என்ற ரவுடி, வேறொருவர் ஆரம்பித்த ஃபிளமிங்கோ ஹோட்டலை வளைத்துப்போட்டு, கூட்டாளிகளின் பணத்தைத் தண்ணீராக இறைத்தார். 1946 டிசம்பர் 26 திறப்பு விழா. அறைகள் மட்டும் தயாராகவில்லை. ஜெயித்தவர்கள் ஜெயித்த பணத்தோடு வேறு ஹோட்டலுக்குத் தூங்கப் போனார்கள். அடுத்த ஜூனில் சீகலை யாரோ சுட்டுத் தள்ளினார்கள். சுட்டது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

1950இல் செனட்டர் கீஃபாவர் மாஃபியாவை ஒழிக்கக் கிளம்பி வேகாஸிலும் விசாரணை நடத்தினார். மற்ற ஊர்களில் கள்ளச் சூதாட்ட விடுதிகளுக்குப் பூட்டு விழுந்தது. பிழைப்பிழந்த வித்வான்களெல்லாம், தங்கள் தொழில் குற்றமாக இல்லாத ஒரே மாநிலத்துக்கு ரயிலேறினார்கள். ஊருக்கு இப்படி ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு கீஃபாவர் கமிஷன் கேட்கவில்லை.

1951இல் நூறு கிலோமீட்டர் தள்ளி அணுகுண்டு சோதனை ஆரம்பமானது. வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் ஓடியிருப்பார்கள். இங்கே வர்த்தக சபை வெடிப்பு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தது. விடிய விடிய விருந்து, அணுகுண்டு பெயரில் காக்டெயில், 1957இல் காளான் மேக வடிவ நீச்சலுடையில் ஓர் அழகி. காற்று மட்டும் யூட்டா கிராமங்களின் பக்கம் வீசியது. கதிர்த்தூசியும் புற்றுநோயும் அவர்களுக்கு இலவசம்.

எல்லாரையும் வரவேற்ற ஊர் கறுப்பர்களை மட்டும் வாசலில் நிறுத்தியது. கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் ஹோட்டல் மேடையில் பாடலாம், அதே ஹோட்டலில் படுக்கக் கூடாது. 1960இல் கறுப்பின மக்கள் ஊர்வலம் போவோம் என்று எச்சரித்ததும், டூரிஸ்ட் வரத்து கெட்டுவிடுமே என்று முதலாளிகளுக்கு ஒரே ராத்திரியில் சமத்துவ ஞானம் பிறந்தது.

1966இல் ஹோவர்ட் ஹியூஸ் என்ற கோடீஸ்வரர் டெசர்ட் இன் ஹோட்டலுக்கு வந்து அறைக்குள் அடைந்துகொண்டார். ஆடவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. காலி செய்யச் சொன்னார்கள். அவர் ஹோட்டலையே வாங்கிவிட்டார். கையோடு இன்னும் சில கேசினோக்களையும் வாங்கினார். அவரைத் தொடர்ந்து பெரிய கம்பெனிகள் வந்தன. கணக்குப் புத்தகத்தை மறைப்பவர்கள் போய், பங்குதாரர்களுக்குப் படித்துக் காட்டுபவர்கள் வந்தார்கள். வாடிக்கையாளர் தோற்பது மட்டும் மாறவில்லை.

பிறகு 1989இல் மிராஜ் ஹோட்டல் வாசலில் செயற்கை எரிமலை, 1993இல் பிரமிடு வடிவ ஹோட்டல், 1999இல் ஈஃபில் கோபுரத்தின் நகல். பழைய ஹோட்டலை இடிப்பதுகூட வேடிக்கைதான். ஹசியெண்டாவை 1996இன் கடைசி இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டமாகவே தகர்த்தார்கள். 2012இல், கீஃபாவர் விசாரணை நடந்த அதே கட்டடத்தை மாஃபியா அருங்காட்சியகமாக்கி நுழைவுச்சீட்டு விற்க ஆரம்பித்தார்கள்.

சூது, விவாகரத்து, தாதா, அணுகுண்டு எல்லாவற்றுக்கும் கல்லா திறந்த ஊரில், தண்ணீர் தரும் மீட் ஏரி வற்றியபோதுதான் சட்டம் கையை ஓங்கியது. 2021இல் நெவாடா சட்டசபை ஒரு தீய பழக்கத்தைக் கண்டுபிடித்தது. தனி வீடுகள் நீங்கலாக, அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்தரைக்கு, 2026 முடிந்தபின் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாதாம். வேகாஸில் விடிய விடிய சீட்டு விளையாடலாம். வெறுமனே புல் வளர்த்தால் குற்றம்.