பெயர் வைக்க வந்த பெரியப்பா

இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பிள்ளைகள் பதினைந்து பேர். ஆனால் 1817 நவம்பர் நிலவரப்படி, சட்டப்படி பேரப்பிள்ளை என்று கொஞ்சுவதற்கு அவருக்கு ஒன்றுகூட இல்லை. சட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு எண்ணினால் பஞ்சமே கிடையாது. மூன்றாவது மகன் வில்லியம், அதாவது கிளாரன்ஸ் கோமகன், ஒரு நாடக நடிகையோடு குடித்தனம் நடத்திப் பெற்றது மட்டுமே பத்து. அந்தப் பத்துக்கும் அரண்மனைச் சாப்பாட்டு மேசையில் இடம் உண்டு, சிம்மாசனத்தில் கிடையாது. ஊரறியக் கல்யாணம் செய்து பெற்ற ஒரே பேத்தி, மூத்த மகனின் மகள் சார்லட். 1817 நவம்பர் 6-ஆம் தேதி அவளும் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் இறந்தே பிறந்தது.

நாடு கறுப்புத் துணியை இன்னும் கழற்றவில்லை. அதற்குள் அரச குடும்பத்துக் கிழட்டு மாப்பிள்ளைகளுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது. ஆசை என்பதைவிட அவசரம் என்று சொல்லலாம். வாரிசைப் பெறுகிறவன் வீட்டுக்குக் கிரீடம் வரலாம். நாடாளுமன்றம் படியை உயர்த்தித் தரும், கடன்காரர்களும் கொஞ்ச நாள் வாசலுக்கு வர மாட்டார்கள். கிளாரன்ஸுக்கு வயது 52. அவருக்கு அடுத்த தம்பி எட்வர்டு, கென்ட் கோமகன், ஐம்பதைத் தொட்டிருந்தார். ஒரு பிரெஞ்சுப் பெண்மணியோடு கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். அந்த அம்மாளை அப்படியே விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் பெண் பார்க்கப் போனார். நாட்டுக்காகச் செய்த தியாகம் என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்த அம்மாளிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

கென்டுக்கு வாய்த்தவர் விக்டோயர். சாக்ஸ்-கோபர்க் குடும்பத்துப் பெண், கணவனை இழந்தவர், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். குழந்தை பிறக்குமா என்ற கவலை இல்லாத சம்பந்தம். 1818 ஜூலையில் லண்டனை அடுத்த க்யூ அரண்மனையில், அண்ணன் கிளாரன்ஸுக்கும் தம்பி கென்டுக்கும் ஒரே பந்தலில் இரட்டைக் கல்யாணம் நடந்தது. கல்யாணச் செலவில் சிக்கனம், மற்றபடி போட்டியில் இருவரும் பின்வாங்கவில்லை.

புதுமணத் தம்பதி கடனுக்குப் பயந்து ஜெர்மனியில் அமோர்பாக் என்ற ஊரில் போய்க் குடியிருந்தார்கள். விக்டோயர் உண்டானதும் கென்டுக்கு ஒரே பிடிவாதம்: பிள்ளை இங்கிலாந்து மண்ணில்தான் பிறக்க வேண்டும். நாளைக்கு எவனாவது வெளிநாட்டில் பிறந்த குழந்தை என்று மூக்கை நுழைக்கக் கூடாது. வழிச்செலவுக்கு மூத்த அண்ணனிடம் பணம் கேட்டு எழுதினார். மூத்த அண்ணன் என்றால், புத்தி பேதலித்திருந்த அப்பாவின் இடத்தில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்த ஜார்ஜ், பிரதிநிதி இளவரசர். அவர் தர முடியாது என்றுவிட்டார். பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள் என்று இலவச ஆலோசனை மட்டும் வந்தது.

கென்ட் கடன்மேல் கடன் வாங்கிக் கிளம்பினார். ஏழு மாதக் கர்ப்பிணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வண்டியைத் தானே ஓட்டி, கடற்கரைவரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். பின்னால் வந்த வண்டிகளில் மனைவியின் முதல் தாரத்து மகள், வேலைக்காரர்கள், மடியில் வளர்க்கும் நாய்கள், கூண்டுப் பறவைகள். கூடவே சீபோல்ட் என்ற ஒரு பெண் மருத்துவர். பிரசவம் பார்ப்பதில் முறையாகப் படித்துத் தேறியவர். அந்த அம்மாளுக்கு அது கைராசியான வருடம். மே மாதம் இங்கே ஒரு பிரசவம் பார்த்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பி, ஆகஸ்டில் கோபர்க் பக்கத்தில் ஓர் ஆண் குழந்தையையும் கையில் ஏந்தினார். அவன் பெயர் ஆல்பர்ட். இருபது வருடம் கழித்து நடக்கப்போகும் கல்யாணத்தின் மாப்பிள்ளை, பெண் இருவரையும் முதலில் தொட்டவர் அவர்தான். எந்தத் தரகரும் இந்த அளவுக்கு முன்கூட்டி வேலையைத் தொடங்கியதில்லை.

1819 மே 24, விடியற்காலை நாலே கால் மணிக்குக் கென்சிங்டன் அரண்மனையில் பெண் குழந்தை பிறந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜிப்ரால்டரில் இருந்தபோது ஒரு குறிகாரி, உனக்கு ஒரே பிள்ளை, அது மகாராணி ஆகும் என்று சொன்னாளாம். அதை அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வரிசையில் குழந்தைக்கு முன்னால் இருந்தவர்கள் மூன்று பெரியப்பாக்கள், பிறகு அப்பா, அதன்பிறகுதான் அவள். ஐந்தாவது இடத்தில் இருக்கும் குழந்தையை நாளைய ராணி என்று தூக்கித் தூக்கிக் காட்டுவது, முதல் இடத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. ஒருவேளை யோசித்துத்தான் காட்டினாரோ என்னவோ.

பெயர்ப் பட்டியலைக் கென்ட் ஒரு ராஜதந்திரி மாதிரி தயாரித்தார். ஞானப் பெற்றோர் நாலு பேர், ஆளுக்கு ஒரு பெயர். பெரியப்பா ஜார்ஜின் மனம் குளிர ஜார்ஜியானா. ஜெர்மனியில் வூர்ட்டம்பர்க் ராணியாக இருந்த மூத்த அத்தைக்காக சார்லட். தாய்வழிப் பாட்டிக்காக அகஸ்டா. ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாண்டருக்காக அலெக்ஸாண்ட்ரினா. ஐந்தாவதாக, பெற்றவளையும் விட்டுவிடக் கூடாதே என்று விக்டோரியா. குழந்தைக்கு எது பொருந்தும் என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் நட்சத்திரம் பார்த்து எழுத்தை எடுப்பார்கள். கென்சிங்டனில் யாருக்கு எவ்வளவு படை இருக்கிறது என்று பார்த்து எடுத்தார்கள்.

சிக்கல் ரஷ்யாவிடமிருந்துதான் வந்தது. நெப்போலியனை ஒழித்ததில் ரஷ்யாவின் பங்கு பெரியது, அந்த நட்பை முறிக்க முடியாது. ஆனால் பிரதிநிதி இளவரசருக்கு அலெக்சாண்டரைக் கண்டாலே ஆகாது. 1814-இல் வெற்றி விழாவுக்கு லண்டன் வந்த சக்கரவர்த்தி, தனக்காக ஒதுக்கிய அரண்மனையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தங்கையோடு பிக்காடிலியில் ஒரு ஹோட்டலில் தங்கினார். லண்டன் ஜனங்கள் விருந்தாளியைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள், சொந்த இளவரசரைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தார்கள். அதையெல்லாம் ஜார்ஜ் மறக்கவில்லை. இப்போது அதே ஆள் தம்பி மகளுக்கு ஞானத்தகப்பன், அதுவும் தனக்குச் சமமாக.

பெயர்சூட்டு விழா ஜூன் 24, பிற்பகல் மூன்று மணிக்கு. வெளிநாட்டுத் தூதர்கள் வேண்டாம், படைச்சீருடை வேண்டாம், ஜரிகை வேண்டாம், குடும்பத்தார் மட்டும் வந்தால் போதும் என்று பெரியப்பா உத்தரவு போட்டார். தம்பி வீட்டு விசேஷம் பெரிதாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். முதல்நாள் சாயங்காலம் இன்னொரு செய்தி அனுப்பினார். தன் பெயர் சக்கரவர்த்தியின் பெயருக்கு முன்னால் வருவதை அவர் விரும்பவில்லை, பின்னால் வருவதை அனுமதிக்கவும் முடியாது. ஆகவே ஜார்ஜியானா கூடாது. மற்றப் பெயர்களைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

நேரில் என்றால் விழாவிலேயே. இதை நடத்த உண்மையிலேயே ஒரு திறமை வேண்டும்.

கென்சிங்டனில் குவிமாட மண்டபம் தயாராக இருந்தது. லண்டன் கோபுரக் கருவூலத்திலிருந்து தங்கத் தொட்டி வந்திருந்தது, அரண்மனைத் தேவாலயத்திலிருந்து சிவப்பு வெல்வெட் திரைகள். சக்கரவர்த்தியோ அத்தையோ பாட்டியோ நேரில் வரவில்லை, மூவர் சார்பிலும் வேறு ஆட்கள் நின்றார்கள். கான்டர்பரி பேராயர் மேனர்ஸ்-சட்டன் ஒரு மாதக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, என்ன பெயர் என்று கேட்டார்.

பெரியப்பா சொன்னார்: அலெக்ஸாண்ட்ரினா.

அதோடு நிறுத்திக்கொண்டார். பேராயர் காத்திருந்தார். கென்ட் தைரியம் பண்ணிக்கொண்டு, சார்லட் என்றார். பெரியப்பா தலையை ஆட்டிவிட்டார். அகஸ்டா என்றார். அதற்கும் மறுப்பு. பெற்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பாவம், அவளுக்கு ஆங்கிலமும் சரியாக வராது. மண்டபத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதில் பாதி புரியாது, புரிந்த பாதியே அழப் போதுமாக இருந்திருக்கும். பேராயர் கையில் குழந்தையோடு நிற்கிறார். தங்கத் தொட்டியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் பெரியப்பா, அழுகிற தம்பி மனைவியைப் பார்த்தார். சரி, தாயின் பெயரையும் சேர்த்து வையுங்கள், ஆனால் சக்கரவர்த்தியின் பெயருக்கு முன்னால் வரக் கூடாது என்றார். குழந்தை அலெக்ஸாண்ட்ரினா விக்டோரியா ஆனது. சக்கரவர்த்தியைத் தனக்குப் பிடிக்காது, பிடிக்காத அந்தப் பெயர்தான் முதலில் நிற்க வேண்டும். அந்த வம்சத்தில் எந்தப் பெண்ணுக்கும் வைக்காத இரண்டு அந்நியப் பெயர்கள். தம்பியை மட்டம்தட்ட இதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

இந்த மனிதரைக் கிண்டல் செய்வது எளிது. அவர் காலத்துக் கார்ட்டூன்காரர்கள் அவருடைய தொப்பையை வைத்தே பிழைப்பை ஓட்டினார்கள். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பிரசவத்தில் இறந்த அவருடைய ஒரே மகளின் பெயர் சார்லட் அகஸ்டா. அவள் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தம்பி வரிசையாகக் கேட்டு, அவர் வரிசையாக மறுத்த இரண்டு பெயர்களும் சேர்ந்தால் அவள் பெயர். மகள் உட்கார வேண்டிய இடத்துக்கு, மகளின் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு குழந்தை வருவதை எந்த அப்பா ஒப்புக்கொள்வான்? கென்டுக்கு இது தோன்றவில்லை என்றால் அவர் மடையர். தோன்றியும் கேட்டிருந்தால் அதைவிட மோசம்.

அதற்காகப் பெரியப்பாவை முழுக்க மன்னித்துவிடவும் முடியாது. அடுத்த வருடம் கிளாரன்ஸுக்கு ஒரு பெண் பிறந்தது. அந்தக் குழந்தைக்கு எலிசபெத் ஜார்ஜியானா அடிலெய்டு என்று பெயர் வைத்தார்கள். கென்ட் மகளுக்குக் கூடாது என்ற அதே ஜார்ஜியானா. அந்தக் குழந்தை சில மாதங்களே உயிரோடு இருந்தது.

கென்ட் அதையெல்லாம் பார்க்க இல்லை. செலவைக் குறைக்கக் கடற்காற்று வாங்கப்போன இடத்தில் சளி பிடித்து, 1820 ஜனவரி 23 அன்று இறந்துவிட்டார். ஆறாவது நாள் கிழட்டு மன்னரும் போனார். பெரியப்பா நான்காம் ஜார்ஜ் ஆனார். குழந்தையை வீட்டில் டிரினா என்று கூப்பிட்டார்கள். அலெக்ஸாண்ட்ரினாவில் தலையை வெட்டினால் மிச்சமிருப்பது அதுதான்.

நான்காம் ஜார்ஜுக்குப் பிறகு கிளாரன்ஸ், நான்காம் வில்லியமாக உட்கார்ந்தார். 1831-இல் மறுபடியும் பெயர்ப் பஞ்சாயத்து. அடுத்து வரப்போகிற ராணிக்கு அலெக்ஸாண்ட்ரினா விக்டோரியா என்று பெயர் இருந்தால் இங்கிலாந்து தாங்குமா? சார்லட் என்று மாற்றிவிடலாம் என்று மன்னர் சொன்னார். எலிசபெத் என்று வைக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் சிலர் சொன்னார்கள். தாய் முதலில் சரி என்றார், பிறகு முடியாது என்றார். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் உனக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்பது யாருக்கும் அவசியமாகப் படவில்லை.

1837 ஜூன் 20 விடியற்காலை, பெரியப்பா வில்லியம் இறந்த செய்தியோடு இன்னொரு கான்டர்பரி பேராயர் அதே கென்சிங்டனுக்கு வந்து, பதினெட்டு வயதுப் பெண்ணைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வைத்தார். அன்றைய ஆவணங்களில் அலெக்ஸாண்ட்ரினா விக்டோரியா என்றே எழுதியிருந்தார்கள். ராணி கையெழுத்துப் போட்டது விக்டோரியா என்று மட்டும். முதல் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார், அது மறுபடி தலைகாட்டவே இல்லை. சென்னைக்கும் அதனால் ஒரு நன்மை. பொன்விழாவுக்காகச் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எழுந்த சிவப்புக் கட்டடம் விக்டோரியா பப்ளிக் ஹாலாக இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரினா பப்ளிக் ஹாலுக்குப் போகணும் என்று எந்த ஆட்டோக்காரரிடம் சொல்லிப் புரியவைப்பது?

இவ்வளவு பட்டவர் தன் பிள்ளைகள் விஷயத்தில் தாராளமாக நடந்துகொண்டிருக்க வேண்டும். இல்லை. கணவர் ஆல்பர்ட் 1861-இல் இறந்தபிறகு, வம்சத்தில் ஆணாகப் பிறந்தால் பெயரில் எங்காவது ஆல்பர்ட், பெண்ணாகப் பிறந்தால் விக்டோரியா இருந்தாக வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார். ஐரோப்பா முழுக்கப் பேத்திகள் விக்டோரியாவாகவே பிறந்துகொண்டிருந்தார்கள். யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டுமே, அதனால் டோரியா, டக்கி என்று செல்லப்பெயர்களை வைத்துச் சமாளித்தார்கள்.

மூத்த மகனுக்கு ஆல்பர்ட் எட்வர்டு என்று பெயர். எட்வர்டு என்பது ஒரு மாதக் குழந்தைக்கு ஐந்து பெயர் கேட்டு இரண்டு பெயர் வாங்கிவந்த தாத்தாவினுடையது. அந்த மகன் அரியணை ஏறும்போது ஆல்பர்ட் எட்வர்டு என்ற இரண்டு பெயரோடுதான் ஆள வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. 1901 ஜனவரியில் அம்மா கண்ணை மூடினார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த பிள்ளை மறுநாள் ஆலோசனைச் சபையைக் கூட்டி, தான் ஏழாம் எட்வர்டு என்று அறிவித்தார். ஆல்பர்ட் என்ற பெயர் அப்பா ஒருவருக்கே உரியதாக இருக்கட்டும் என்று மிகவும் பவ்யமாகக் காரணமும் சொன்னார்.