ரென் மார்ட்டினையே திருத்தியவர் கட்சி

அணை நிரம்பிப் பதினாறு கண் மதகில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்கிற நாளில் மேட்டூரே அந்தப் பக்கம்தான் நிற்கும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், சாரலில் நனைந்த வெளியூர்க்காரர்கள் பொரித்த மீன் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். அத்தனை கூட்டத்தில் ஒருவர் மட்டும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அகப்பட்ட கல்லூரிப் பையனிடம் பேசிக்கொண்டிருப்பார்.

"தம்பி, தண்ணி ஒன் ட்வென்ட்டி ஃபீட் இருக்கு. சரி. ஆனா பேப்பர்ல 'ஒன் ட்வென்ட்டி ஃபீட் மார்க்'னு போட்டிருக்கான் பாரு, அது தப்பு. ஃபுட் மார்க். பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்து நின்னா ஒருமைதான். புரிஞ்சுதா?"

மதகு இரைச்சலில் பையனுக்கு ஒரு எழுத்தும் கேட்டிருக்காது. தலையை ஆட்டி வைப்பான்.

இவர்தான் கிராமர் சார். 'சார்' என்பதால் வாத்தியார் என்று நினைத்துவிடக் கூடாது. ஏதோ ஓர் ஆலை அலுவலகத்தில் கடிதம் வரைகிற மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு என்றாலும் மேட்டூர் மண்ணில் இந்த ரகம் கொஞ்சம் செழிப்பாகவே விளையும். 1925-ல் தொடங்கிய அணை வேலை 1934-ல் முடிந்தது. நீர்த்தேக்கத்துக்கு மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வைத்துவிட்டு வெள்ளைக்காரர்கள் போனார்கள். கெமிக்கல், அலுமினியம், அனல் மின்நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லா இடத்திலும் மெமோ இங்கிலீஷில்தான் வரும். வாங்கியவன் பதில் எழுதத் தெரிந்த ஆளைத் தேடி ஓடுவான். அப்படித் தேடித் தேடியே இவரைக் கெடுத்து வைத்தது ஊர்.

அவர் வீட்டுப் பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டில் அட்டை பிய்ந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் இருக்கிறது. பி.சி. ரென் இந்தியாவில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர், 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்று ஒரு சாகச நாவல் எழுதிப் பெரும்பேர் வாங்கியவர் என்பதெல்லாம் சாருக்கு அத்துப்படி. ஆனால் அவர் கும்பிடுவது ரென்னை அல்ல, மார்ட்டினையும் அல்ல. அந்தப் புத்தகத்தைத் திருத்திப் பதிப்பித்தவர் என்று கீழே அச்சாகியிருக்கும் என்.டி.வி. பிரசாத ராவைத்தான். "துரைமார் ரெண்டு பேர் எழுதினாங்க. திருத்தினது யாரு? நம்மாளு!" என்று அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டும்போது குரல் தழுதழுக்கும். எழுதுகிறவன் ஒரு படி கீழே, திருத்துகிறவன் ஒரு படி மேலே என்ற தத்துவம் அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது.

காலையில் அவர் நடைப்பயிற்சி போவதை ரோந்து என்றுதான் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் ஒரு சிவப்பு மை பேனா, ஒரு சாக்பீஸ். டியூஷன் சென்டர் பலகையில் 'யூ'வுக்குப் பக்கத்தில் வர வேண்டிய 'ஐ' விட்டுப்போயிருந்தால், சந்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து சாக்பீஸால் அதைச் செருகிவிட்டுப் போவார். மழை வந்து அழிக்கும், மறுபடி செருகுவார். பேனா பென்சில் விற்கிற கடையின் 'ஸ்டேஷனரி'யில் 'இ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' இருந்தால் உள்ளே போய், "உங்க கடை நகராம நின்னுட்டிருக்குன்னு எழுதியிருக்கீங்க" என்பார். "ஆமாங்க சார், எப்பவும் இங்கதானே இருக்கோம்" என்பார் கடைக்காரர்.

மீன் பொரிக்கும் அம்மாவிடம்தான் அவருக்கு இன்றுவரை தோல்வி. பெயின்டர் புண்ணியத்தில் அந்தத் தட்டியில் 'ஃபிஷ் ஃப்ரை'யின் வால் இரண்டு 'ஈ' போட்டு முடிந்திருக்கிறது.

"ஏம்மா, இப்படி எழுதினா மீன் இலவசம்னு அர்த்தம் தெரியுமா?"

மசாலா தடவிய ஜிலேபி மீனை எண்ணெயில் விட்டுக்கொண்டே அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை வருசத்துல இங்கிலீசு படிச்சவங்க எத்தனையோ பேரு வந்து தின்னுட்டுப் போயிருக்காங்க சார். ஒருத்தரும் காசு குடுக்காமப் போனதில்ல. உங்களுக்கு ரெண்டு துண்டு போதுமா, மூணு வைக்கட்டுமா?"

மூன்று என்றார்.

சாரின் சிவப்பு மை கீழ்நோக்கி மட்டும்தான் ஓடும் என்பதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெயின்டர், மீன் கடை, பத்திரிகை அடிக்கிற பிரஸ், பத்தாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண், இவர்களெல்லாம் தப்பித்ததே இல்லை. "யெஸ்டர்டே நைட்" என்று அந்தப் பெண் சொன்னால் போதும், "லாஸ்ட் நைட்!" என்று மதில் மேலிருந்து குரல் வரும். ஆனால் ஒரு விழாவில் சிறப்பு விருந்தினராக வந்த பெரிய அதிகாரி, "ஆல் தி ஸ்டாஃப்ஸ்... நியூ ஃபர்னிச்சர்ஸ்... எக்விப்மென்ட்ஸ்..." என்று அடுக்கிக்கொண்டே போனபோது முன்வரிசையில் பலமாகக் கை தட்டியது நம் சார்தான். "என்னங்க சார், ஃபர்னிச்சருக்கு 'எஸ்' வராதுன்னு என்னை அன்னிக்கு அந்த வாங்கு வாங்கினீங்களே" என்று பிரஸ்காரர் காதைக் கடித்தார். "பெரிய பதவியில இருக்கறவங்க எல்லாத்தையும் பன்மையிலதான் பார்ப்பாங்க" என்று பதில் வந்தது. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளை பிழையாகச் சொன்னால் அது அமெரிக்கன் இங்கிலீஷ்.

இவ்வளவு இருந்தும் ஊர் அவரைப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம், மனு எழுதக் காசு வாங்க மாட்டார். முதியோர் பென்ஷன், மீட்டர் மாற்றம், பட்டாவில் பெயர்ப் பிழை, எது என்றாலும் உட்கார வைத்துக் காபி கொடுத்து எழுதித் தருவார். இங்கிலீஷில். தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் வந்தது 1956-ல். சார் மேஜைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. தாலுகா ஆபீஸில் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையே தமிழ்ல எழுதிட்டு வாங்கம்மா" என்பார்கள். வாசலில் இருக்கும் ஆளிடம் காசு கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கி உள்ளே போவார்கள். சாரிடம் மட்டும் "உங்க லெட்டர்ல காரியம் முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிடுவது ஊர் வழக்கம்.

அவர் வாழ்வின் உச்சம் 2020 ஜூன். தமிழ் உச்சரிப்புப்படி 1018 ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்தை மாற்றி அரசாணை வந்தது. வேலூருக்கு 'வி'யை அடுத்து இரண்டு 'ஈ', 'எல்'லை அடுத்து இரண்டு 'ஓ'. கொரோனாவுக்குப் பயந்து முகக்கவசத்தோடு வீட்டில் அடைந்திருந்த மனிதர், ஊரெல்லாம் திருத்த வேண்டிய பலகைகளை எண்ணிப் புது சாக்பீஸ் பெட்டியே வாங்கி வைத்துவிட்டார். சில நாளிலேயே அரசு ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

இப்போது அவர் நடத்திக்கொண்டிருக்கும் யுத்தம் கொஞ்சம் பெரியது. கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை 'பிரீபோன்' என்று யார் சொன்னாலும், அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்று காலமெல்லாம் அடித்துச் சொல்லி வந்தார். போன மாதம் டீக்கடையில் பேரன் வயதுப் பையன் ஒருவன் செல்போனை நீட்டினான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அந்த வார்த்தை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கடையில் வடை சட்டி மட்டும்தான் சத்தம் போட்டது.

"ஆக்ஸ்ஃபோர்டுலயும் ஆளுங்க சரியில்ல" என்று எழுந்தார்.

அன்றைக்கே ஜெராக்ஸ் கடைப் பெண்ணை உட்கார வைத்து ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் அடித்தார். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிகிற நாலு பக்கம். நடுவில் பிரசாத ராவ் இரண்டு இடத்தில் வருகிறார். தபாலில் சேர்த்துவிட்டு வந்து டீக்கடையில் அறிவித்தார்: வழக்கு நிலுவையில் இருக்கிறது, பதில் வரும்வரை மேட்டூர் எல்லைக்குள் யாரும் அந்த வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது.

மேச்சேரி தாண்டிப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு அவர் பொறுப்பில்லை.