முருகனுக்கே வள்ளி கெடைக்கல தாயி

வா தாயி, உக்காரு. காலேஜுல ‘என் விடுதலை’ன்னு கச்சேரி வைக்கிறீகளாமே? கேட்டதுல இருந்து தாத்தனுக்குத் தல கால் புரியல. பிரின்சிபால் கையெழுத்து வாங்கியாச்சு, பொண்ணுக எல்லாருக்கும் ஒரே நெறத்துல சேல எடுத்தாச்சு, எங்க கை தட்டணும்னு எதுக்க உக்காரப் போறவுகளுக்கும் சொல்லியாச்சு. இனி விடுதலை ஒண்ணுதான் பாக்கி. ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்னு ஒங்கப்பன் சொல்லிருக்கான், அதுக்குள்ள அதுவும் வந்து சேரட்டும். ஒந்தம்பி எத்தன மணிக்கு வருவான்னு மட்டும் கேட்டுறாத. இந்த வீட்டுல அது ஒருத்தருக்கும் தெரியாது.

பொறவு, பயகளையும் பொண்ணுகளையும் ஒரே சுருதியில பாட வைக்கிறாகளாம்ல? அவனுகளுக்கு ஒரு கட்ட, ஒங்களுக்கு அஞ்சு கட்ட. நடுவுல ஒண்ணப் புடிச்சா அவன் கத்துவான், நீ மொனகுவ. கேக்குறவுகளுக்குத்தேன் விடுதலை, எந்திரிச்சுப் போயிருவாக.

என்னது, பாதிப் பாட்ட அடிச்சுட்டாகளா? அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? திருமங்கலத்துல விஸ்வநாத தாஸ்னு ஒரு நாடகக்காரரு இருந்தாரு. வள்ளி திருமணத்துல முருகன் வேசம் அவருது. தெனப்புனத்துக் கதையச் சாக்கா வச்சு, வெள்ளக்காரனக் கொக்காக்கி வெரட்டிப் பாடுவாரு. எழுதிக்கிட்டுப் போக வந்த போலீஸ்காரன் என்னத்த எழுதுவான்? ராசத்துரோகம், சாட்சி கொக்குன்னா? பாடுனதுக்குச் செயிலுக்கும் போனாரு, வெளிய வந்து திரும்பவும் பாடுனாரு. 1940 கடைசியில சென்னையில அதே முருகன் வேசத்தோட மேடையிலயே உசுரு போச்சு.

அதனால, அடிச்ச பாட்டக் கடவுள் வாழ்த்துக்குள்ள சொருகு. அந்நேரம் பெரிய மனுசங்க எல்லாம் கண்ண மூடிக்கிட்டுத்தேன் நிப்பாக.

அந்த தாஸ் கதையில இன்னொண்ணு இருக்கு. கூட்டம் அவரு குரலுக்கு அப்பிடி மயங்கும். ஆனா முடிவெட்டுற மருத்துவர் கொலத்துல பொறந்தவருன்னு, அவருக்குச் சோடியா வள்ளி வேசங்கட்ட மாட்டேம்னு ஒதுங்குன நடிகைகளும் உண்டு. முருகனுக்கே பொண்ணு கெடைக்கல பாத்துக்க! அதச் செஞ்சது கொக்கு இல்ல, நம்மாளுகதேன்.

ஒங்க கோஷ்டியில மைக்குக்குக் கிட்டக்க நிக்கிறது யாரு, பின்னால தள்ளி நிக்கிறது யாருன்னெல்லாம் நாங் கேக்க மாட்டேன். முன்னாடி ஒரு நாற்காலி மட்டும் எனக்குப் போட்டு வை. கண்ணு இன்னும் நல்லாத்தேன் தெரியுது.